ஓநாய்கள் வந்த வழி

சாம்பல் ஓநாய் ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் உண்டு; அலாஸ்கா, கனடாவிலும் உண்டு. இடையில் கடல். எப்படிக் கடந்தது?

கடக்கவே இல்லை, நடந்தது. பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோது சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. அந்நிலத்தைப் பெரிஞ்சியா என்கிறார்கள்.

புதைந்த எலும்பு, ஓநாய் அங்கே வாழ்ந்ததைச் சொல்லும். அதன் உறவு எங்கெங்கே பரவியது என்பதை மரபணுதான் சொல்லும். மைட்டோகாண்ட்ரிய மரபணு தாய்வழியில் மட்டுமே வருவது. தலைமுறைதோறும் அதில் சிறு மாற்றங்கள் சேர்கின்றன. இரு ஓநாய்களிடையே வேறுபாடு குறைந்தால், அவற்றின் பொதுத்தாய் அண்மைக் காலத்தவள் என்று பொருள்.

இன்றைய ஓநாய்களின் மூதாதையர் ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் பெரிஞ்சியாப் பகுதியிலிருந்து பரவியவர்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு கணித்தது. ஆனால் தாய்வழி என்பது பாதிக் கதைதான். 2022இல் 72 பழங்கால ஓநாய்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சைபீரிய வம்சம் ஐரோப்பாவுக்குள் தொடர்ந்து கலந்துவந்ததும், அங்கே பழைய உள்ளூர் வம்சம் முற்றிலும் அழியாததும் தெரிந்தன. வந்தவை விரட்டவில்லை, கலந்தன.

அந்தக் கலப்பு நின்றால் என்னவாகும்? அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவுக்கு 1940களின் இறுதியில் உறைபனி மீது ஓநாய்கள் நடந்து வந்தன. பின்னாளில் பனிப்பாலம் அரிதாயிற்று. உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி நலிந்து, 2016இல் இரண்டே மிஞ்சின. 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று.

வழி அடைபட்டால், ஓநாய்க்கு வாழ்வும் அடைபடுகிறது.