ஒண்ணாம் வகுப்பில் பிள்ளை எங்கே உட்காருகிறது?

ஜூன் மாதம் டெல்டாவில் இரண்டு திறப்புகள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த நாட்களை ஒட்டித்தான். குறுவை நாற்றங்கால் வேலையும், பிள்ளையை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும் வேலையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

அப்படி ஒரு நாளில், திருவையாறு பக்கத்துக் காலனி ஒன்றில் கூட்டம் முடிந்து கிளம்பியபோது ஒரு தாய் வந்து கேட்டார். நடவு வேலைக்குப் போகிறவர். "அண்ணே, பிள்ளைய மாதா கோயில் பள்ளிக்கூடத்துல சேத்துவுடலாமான்னு பாக்குறேன். ஒண்ணாப்பு ரெண்டாப்புல அங்க என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க? வேதம் மட்டும்தான்னு சொல்றாங்களே. சர்டிபிகேட்டுல ஏதும் மாறிப்போயிடுமா?"

நின்றபடியே சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அந்தத் தாய்க்கும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நேரடியான பதில். அரசு உதவிபெறும் கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியிலும் பாடநூல் அரசு அச்சிட்டுத் தருவதுதான். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் உள்ள அதே புத்தகம். அதோடு காலையில் ஜெபம், ஒரு பாட்டு, இயேசு சொன்ன கதைகள். பல பள்ளிகளில் வாரத்தில் சில பாடவேளைகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். புத்தகத்தில் இல்லாத ஒரு பாடமும் வகுப்பறையில் நடக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற பாடம். நம் பகுதியில் அதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

1706 ஜூலையில் ஜெர்மானியர்கள் இருவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்சோ. சீகன்பால்குக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளி நடத்திய வயதான ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். மறு ஆண்டே அங்கு பள்ளி தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. 1713-ல் அங்கே தமிழ் அச்சு ஓடத் தொடங்கியது. எழுத்து, கணக்கு, கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யும் ஞானோபதேசம், பாட்டு ஆகியவைதான் ஆரம்பப் பாடங்கள்.

1707 மே மாதம் அங்கு முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். சேரிப் பிள்ளை திண்ணைப் பள்ளியை எட்டிப் பார்க்கவும் முடியாத காலம் அது. அந்தக் காலத்தில் எழுத்து நம் பக்கம் வந்தது. இந்த உதவியை நன்றியோடுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே தரங்கம்பாடிக் கோயிலில் சாதியார் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். வாரம் முழுவதும் 'எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்' என்று படித்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தன் பக்கம் எது என்று தெரிந்து போய் உட்கார்ந்தது.

ராஜநாயக்கன் என்ற பெயரை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பறையர் சமூகத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூலைத் தாமே படித்து அந்தச் சபையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். 1733-ல் முதல் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. அவர் கையால் திருவிருந்து வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்று காரணம் சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். வேளாளரான ஆரோன் குருவானார். ராஜநாயக்கனுக்குப் படிப்பும் உழைப்பும் இருந்தன. இருக்கை மட்டும் கிடைக்கவில்லை.

தஞ்சாவூர் நகரத்திலும் இதுதான் நடந்தது. 1778-ல் இங்கே வந்து தங்கிய சுவார்ட்ஸ் பள்ளிகளை நடத்தினார். இளவரசர் சரபோஜியின் கல்வியில் அவர் எடுத்துக்கொண்ட அக்கறை எல்லோரும் அறிந்தது. அவரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெரிய புலவர், பள்ளி ஆசிரியர். அவரும் சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கலாம் என்று 1829-ல் எழுதி வாதாடினார். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டார். சேர்ந்து உட்காருவதற்கு மனமில்லாமல் தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பாடம் நடத்தியவர்களுக்கே அந்தப் பாடம் அவ்வளவு கசந்தது.

ஆனால் எழுத்து ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. சென்னையில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்த ஒரு பறையர் வீட்டுப் பிள்ளை எம்.சி.ராஜா. பிறந்தது 1883. ஆசிரியரானார். பள்ளிப் பாடநூல்கள் எழுதினார், குழந்தைகளுக்கான பாடல்களைத் தொகுத்தார். பிறகு சென்னை சட்டமன்றத்தில் நம் மக்களுக்காகப் பேசினார். மிஷன் பள்ளி கொடுத்த எழுத்தைக் கொண்டு அவர் இருக்கையையும் கேட்டார்.

நான் படித்ததும் டெல்டா கிராமம் ஒன்றில் இருந்த கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளிதான். பெயர் வேண்டாம். ஒண்ணாம் வகுப்பு ஆசிரியர் ஆற்று மணலைப் பரப்பி, என் விரலைப் பிடித்து அ எழுத வைத்தார். புளியங்கொட்டையை அடுக்கி எண்ணச் சொன்னார். அந்த மணலில் தொடங்கிய எழுத்துதான் என்னைத் தமிழ் முதுகலை வரை கொண்டுபோனது. நல்ல சமாரியன் கதையை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. அடிபட்டுக் கிடந்தவனைப் பெரியவர்கள் எல்லாம் பார்த்தும் பாராமல் போக, ஒதுக்கப்பட்ட இனத்துக்காரன் ஒருவன் வந்து தூக்கிய கதை. அன்று மத்தியானம் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனேன். குடியானத் தெருப் பையன் ஒருவன் மொண்டு ஊற்ற, நானும் என் தெருப் பிள்ளைகளும் கையேந்திக் குடித்தோம். பானையைத் தொடக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இருந்தும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதனால் அந்தத் தாய்க்கு நான் சொல்வது இது. பள்ளி கிறிஸ்தவப் பள்ளியா, அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்பதைவிட, சேர்த்து ஒரு மாதம் கழித்து நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். பிள்ளை எந்த வரிசையில் உட்காருகிறது? இடம் மாற்றி மாற்றி உட்கார வைக்கிறார்களா? எல்லோருக்கும் ஒரே தண்ணீரா? 2024 ஜூலை முதல் ஊரக உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டி உண்டு. அந்தப் பந்தியில் பிள்ளைகள் கலந்து உட்காருகிறார்களா? வகுப்பைப் பெருக்கச் சொல்வது எந்தத் தெருப் பிள்ளைகளை? ஆசிரியர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, 'காலனிப் பசங்க' என்கிறாரா? பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது தடையில்லாமல் வாசிக்காவிட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்ய முடியாது. இது அரசியலமைப்பின் 28(3). அரசு உதவிபெறும் பள்ளியில் சாதி, மதம் காரணமாக இடம் மறுக்க முடியாது. இது 29(2). ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி அங்கே போய் ஏமாறாதீர்கள்.

சான்றிதழ் விஷயம். கிறிஸ்தவப் பள்ளியில் படிப்பதால் பிள்ளையின் மதமோ சாதிச் சான்றிதழோ மாறாது. சேர்க்கைப் படிவத்தில் மதம், சாதி என்ற இடங்களை உங்கள் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானவர்களின் நிலை வேறு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சாமி மாறினாலும் சேரி மாறாதவர்களுக்கு இழைக்கப்படும் இந்த அநீதிக்கு எதிரான போராட்டம் இன்னும் முடியவில்லை.

பள்ளி நடத்தும் குருக்கள், சிஸ்டர்கள், ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணலில் எழுத்தைக் கற்றுக்கொடுத்தீர்கள், மறக்க மாட்டோம். இந்த ஜூனில் ஒண்ணாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதல் நாளே கலந்து உட்கார வையுங்கள். ஐந்து வயதில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையைப் பெரியவனான பிறகு தள்ளி உட்காரச் சொல்வது கடினம்.