கையைக் கடிக்கும் பிள்ளை என்ன கேட்கிறான்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஓடுகிற தண்ணீர் மீது தனிப் பிரியம். காவிரி டெல்டாவில் அதற்குக் குறைவில்லை. பேச்சு வராத எட்டு வயதுப் பையன் ஒருவன் பம்புசெட் தொட்டியோரம் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நடவு முடிந்து வந்த அம்மா, "வா சாமி, கொஞ்ச நேரம் எழுதலாம்" என்று வீட்டுக்குக் கூட்டி வருகிறார். சிலேட்டை எடுத்ததும் பையன் தன் மணிக்கட்டைக் கடிக்கிறான். பல் பதிந்து ரத்தம் கசிகிறது. பதறிப்போன அம்மா சிலேட்டை ஓரம் வைத்துவிட்டு, அவனைக் கட்டியணைத்துத் தேற்றி, மறுபடியும் தொட்டிக்கே கூட்டிப் போகிறார்.

எழுத்து நின்றது, அம்மா மடி கிடைத்தது, தண்ணீரும் கிடைத்தது. ஒரே கடியில் மூன்று. நடத்தையியலில் இவற்றுக்கு வலுவூட்டிகள் என்று பெயர்.

ஊரில் இதற்கு 'அடம்' என்பார்கள். சிலர் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கும் குடும்பங்களும் உண்டு. அந்தத் தாய்மாரின் தவிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கடிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்பதை யாராவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் பிரையன் இவாட்டா குழுவினர் 1982-இல் இதைச் சோதனையாகவே செய்தார்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட 9 பேரை, கவனம் கிடைக்கும் சூழல், வேலை வாங்கும் சூழல், தனிமை, விளையாட்டு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்தாலும் தண்டனையாலும் அடக்குவதற்கு முன் காரணத்தைத் தேடு என்ற வழி அதனால் வலுப்பெற்றது. 2014-இல் கிரிகரி ஹான்லி குழு வேறு திசையில் போனது. முதலில் பெற்றோரிடம் விரிவாகப் பேசியது. வீட்டில் எவையெல்லாம் சேர்ந்து நடக்கின்றனவோ, அவற்றைப் பிரிக்காமல் சேர்த்தே சோதித்தது. ஆய்வில் பங்கேற்ற 3 பிள்ளைகளிடமும் நல்ல மாற்றம் வந்தது.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. சேர்த்துப் பார்த்தால் தேவையற்றதும் காரணம்போலத் தோன்றிவிடும் என்று 2016-இல் வேன் ஃபிஷர் குழு வாதிட்டது. நியாயமான வாதம்தான். ஆனாலும் நம் கிராமத்து வீட்டில் அம்மாவின் மடியையும் தண்ணீர்த் தொட்டியையும் தனித்தனியாகப் பிரிப்பது எப்படி? சேர்த்துத் தொடங்கி, பிள்ளை அமைதியான பிறகு பிரித்துப் பார்ப்பதே இங்கே பொருந்தும் என்பது என் கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. இப்படிச் சேர்த்துச் சோதிக்கும்போது கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முனகல், விரல் விறைப்பு, மூச்சு வாங்குதல் என்று முன்னறிகுறிகள் இருக்கும். அம்மாவுக்கு அவை அத்துபடி. அப்போதே மூன்றையும் கொடுத்துவிட்டால் காயம் தவிர்க்கப்படுகிறது.

சிகிச்சையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நெஞ்சைத் தட்டிக் காட்டினாலோ ஒரு படஅட்டையை நீட்டினாலோ மூன்றும் உடனே கிடைக்கும் என்று பழக்க வேண்டும். முன்பு கடித்தால் கிடைத்தது, இப்போது கேட்டாலே கிடைக்கிறது, அதுவும் சீக்கிரமாக. அது படிந்த பிறகு "இப்ப இல்ல, கொஞ்சம் பொறு" என்பதைத் தாங்கப் பழக்குகிறார்கள். முதலில் நொடிக் கணக்கில்தான். பிறகு ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்று வேலையைக் கூட்டுவார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பழைய கடி திரும்பிவிடும். இதற்கெல்லாம் முன்பாகப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். வலியால் கடிக்கும் பிள்ளைக்கு அட்டை உதவாது. தண்ணீர்ப் பிரியம் உள்ள பிள்ளையை வாய்க்கால் பக்கம் தனியே விடவும் கூடாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கவும் செய்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் நாள் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுக்காதீர்கள். அம்மாவோடு திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். "எப்பம்மா கடிக்கிறான்? அப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான நேரத்தை அவர்களுக்குக் கல்வித்துறை ஒதுக்கித் தர வேண்டும்.