கம்பம் பள்ளத்தாக்கில் பேருந்து, தொடர்வண்டிப் பயண வழக்கங்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் பயண வழக்கங்கள் என்பது, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்லும் பயணிகள் ஒருவர் மற்றவரிடமும், நடத்துனரிடமும் எதிர்பார்க்கும் நடத்தை முறைகளைக் குறிக்கும். இவற்றுள் சில சட்டத்தில் எழுதப்பட்டவை. பெரும்பாலானவை எழுதப்படாதவை. சில்லறை, சுமை, பாட்டு எனப் பல செய்திகள் இதில் அடங்கினாலும், நாள்தோறும் சண்டைக்கு வழிவகுப்பது ஒரே கேள்விதான்: காலியாக உள்ள இருக்கை யாருக்கு உரியது?

பின்னணி

மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு கிளைகளுக்கு இடையே முல்லைப் பெரியாறு பாயும் நிலப்பகுதியே கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். வடக்கே தேனி நகரம் அதன் வாயில் போல அமைந்துள்ளது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் வரிசையாக ஒரே நெடுஞ்சாலையில் உள்ளன. அச்சாலை லோயர்கேம்ப்பிலிருந்து மலையேறிக் குமுளியை அடைகிறது. இவ்வூர்களுக்குத் தொடர்வண்டிப் பாதை கிடையாது. திண்டுக்கல்லில் இருந்து பள்ளத்தாக்கு வழியாகப் பாதை அமைக்க வேண்டும் என்பது நெடுங்காலக் கோரிக்கை. ஆகவே இங்கு பயணம் என்றால் முதன்மையாகப் பேருந்துப் பயணமே.

மாவட்டத்தில் உள்ள ஒரே இருப்புப் பாதை மதுரையில் இருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்வது. மீட்டர் பாதையாக 1928 இல் திறக்கப்பட்ட இது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு 1950களில் மீண்டும் இடப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் ஊரே பேருந்தை மட்டும் நம்பியிருந்தது. இன்று தொடர்வண்டியில் காணப்படும் பழக்கங்கள் பலவும் பேருந்தில் கற்றவை என்பதற்கு இது ஒரு காரணமாகும்.

துண்டு போடுதல்

பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போதே, அது நிற்பதற்கு முன், சன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, பை, சில வேளைகளில் குழந்தை ஆகியவற்றை இருக்கையில் வைத்து இடம் பிடிப்பது துண்டு போடுதல் எனப்படும். தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கமே இது. எனினும் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி, கம்பம், குமுளிப் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்தில் மாலை வேளையில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

துண்டுக்கு எந்தச் சட்ட மதிப்பும் இல்லை. முன்பதிவு இல்லாத பேருந்தில் பயணச்சீட்டு ஏறுவதற்கு உரிமை தருமே அன்றிக் குறிப்பிட்ட இருக்கைக்கு உரிமை தராது. ஆயினும் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காருபவரைச் சுற்றியிருப்போர் முறைகெட்டவராகவே கருதுவர். அதே வேளையில் துண்டுக்கும் எல்லை உண்டு. ஒருவர் ஓர் இருக்கைக்கே போடலாம். மனைவி, குழந்தை உடன் வந்தால் இரண்டு, மூன்று பொறுத்துக்கொள்ளப்படும். வண்டி புறப்படும் வரை உரியவர் வந்து சேரவில்லை என்றால் துண்டு செல்லாது. தேநீர் குடிக்கப் போனவருக்கும், இன்னும் வீட்டிலிருந்தே கிளம்பாத உறவினருக்காக இடம் பிடித்தவருக்கும் வேறுபாடு உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். எது எது என்பதில்தான் தகராறு. நடத்துனர் பொதுவாக இதில் தலையிடுவதில்லை.

இம்முறை முதலில் வந்தவருக்கு முன்னுரிமை தருவது போலத் தோன்றினாலும், உண்மையில் ஓடும் வண்டியின் சன்னலை எட்டக்கூடியவருக்கே முன்னுரிமை தருகிறது. முதியோர், கைக்குழந்தையுடன் வரும் பெண்கள், ஊன்றுகோலுடன் நடப்போர் ஆகியோர் அரை மணி நேரம் முன்னதாக வந்து காத்திருந்தாலும் படியேறும்போது இருக்கைகள் துண்டுகளால் நிறைந்திருக்கும்.

தொலைதூரப் பயணியும் இடைநிறுத்தப் பயணியும்

துண்டுக்கு அடுத்த உரிமைக்கோரல் தூரம் ஆகும். குமுளி செல்லும் பேருந்தில் குமுளி, கம்பம் செல்வோர் முதலில் ஏறட்டும், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி செல்வோர் கடைசியில் ஏறுங்கள் என்று நடத்துனர் படியில் நின்று கூறுவது உண்டு. இடையில் இறங்குபவரின் இருக்கை அதன்பின் காலியாகச் செல்லக்கூடும், வசூல் குறையும். அறுபது, எழுபது மைல் நின்று செல்வது அரைமணி நேரம் நின்று செல்வதைவிடக் கடினம் என்ற நியாயமும் கூறப்படும். தொலைதூரப் பயணிகள் இதனை இயல்பானதாகவே எடுத்துக்கொள்கின்றனர்.

ஆண்டிபட்டிக்காரரின் பார்வை வேறு. கடைசியில் ஏறுவதால் அவர் நின்றுகொண்டே பயணம் செய்கிறார். கட்டணமோ உட்கார்ந்தவருக்கும் நிற்பவருக்கும் ஒன்றே. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவ்வகைப் பேருந்தை வரையறுக்கும்போதே, முழுப் பயணத்துக்கோ பயணத்தின் கட்டங்களுக்கோ தனித்தனியாகக் கட்டணம் பெற்று ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டி என்கிறது. அதாவது இடையில் இறங்குபவர் அவ்வண்டியின் விருந்தாளி அல்லர். அவருக்காகவும் இயக்கப்படும் வண்டியே அது. இடைநில்லாப் பேருந்துகளின் நிலை வேறு. அவற்றில் எங்கு நிற்கும் என்பது முன்னரே அறிவிக்கப்படுவதால் மனத்தாங்கலுக்கு இடம் குறைவு.

யார் உட்காரலாம் என்ற பழைய கேள்வி

இருக்கை பற்றிய இன்றைய சச்சரவுகள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் பேருந்தில் ஏறுவதே சிலருக்கு மறுக்கப்பட்ட காலம் இருந்தது. விடுதலைக்கு முன் தென்மாவட்டங்களில் தனியார் பேருந்து உரிமையாளர்கள் சிலர் ஆதி திராவிடரை ஏற்ற மறுத்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை நீக்குவதாக ஆணையிட்டார். அவருடைய ஊரான பட்டிவீரன்பட்டி தேனிக்கு அண்மையில், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது.

1997 இல் விருதுநகர் பகுதியில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற ஒரு பிரிவினர் மறுத்தனர். தென்மாவட்டங்களில் மோதல்கள் மூண்டன. அதன் விளைவாக மதுரையின் பாண்டியன், திண்டுக்கல்லின் இராணி மங்கம்மாள் உட்பட எல்லாக் கழகப் பெயர்களும் அதே ஆண்டில் நீக்கப்பட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் வந்தது. பக்கத்தில் உட்காருபவரிடம் முதலில் ஊரையும், பின்னர் தெருவையும் கேட்பது இப்பகுதியில் இன்றும் இயல்பான பேச்சாகவே கருதப்படுகிறது. கேட்கப்படுபவர் எல்லோருக்கும் அது இயல்பானதாக இருப்பதில்லை.

பெண் பயணிகள்

அறிமுகமற்ற ஆணும் பெண்ணும் ஒரே இருக்கையில் உட்காருவதைத் தவிர்ப்பது பொது வழக்கம். இருவர் இருக்கையில் ஒரு பெண் தனியாக இருந்தால் ஆண்கள் நின்றுகொண்டு வருவர். மறுதலையாக, ஓர் ஆண் தனியாக இருக்கும் இருக்கையில் பெண் உட்கார நேர்ந்தால் நடத்துனர் அவ்வாணை எழுப்பி வேறிடத்தில் அமர்த்துவார். இந்த இடமாற்றத்தைப் பெரும்பாலோர் முணுமுணுப்பின்றி ஏற்கின்றனர். மகளிர் என்று எழுதப்பட்ட இருக்கையில் அமர்ந்து தூங்குவது போலப் பாவனை செய்வோரும் உண்டு.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டனர். புறநகர்ப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. ஆகவே தோட்டக் கூலிக்கும் சந்தைக்கும் செல்லும் பெண்கள் காலியாகச் செல்லும் புறநகர்ப் பேருந்தை விட்டுவிட்டு நகரப் பேருந்துக்காகக் காத்திருப்பதைக் காணலாம். கட்டணம் இல்லாவிட்டாலும் பயணச்சீட்டு தரப்படுகிறது. அப்பயணத்துக்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. இருந்தும் கட்டணமில்லாமல் வருபவர் எழுந்து இடம் தர வேண்டும் என்ற எண்ணம் சிலரிடம் தோன்றியது. 2022 இல் அமைச்சர் ஒருவர் இப்பயணத்தை 'ஓசி' என்று குறிப்பிட்டது பெரும் சர்ச்சை ஆயிற்று. கோவையில் மூதாட்டி ஒருவர் காசு கொடுத்துத்தான் சீட்டு வாங்குவேன் என்று நடத்துனரிடம் வாதிட்ட காட்சி பரவலாகப் பகிரப்பட்டது. இலவசச் சீட்டு வைத்திருப்பவருக்கு இருக்கையில் குறைந்த உரிமை என்று எந்த விதியும் கூறவில்லை.

2022 ஆகத்து மாதத்தில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பெண்களை முறைத்துப் பார்த்தல், கண்ணடித்தல், விசிலடித்தல், சைகை காட்டுதல், அனுமதியின்றிப் படம் எடுத்தல் முதலியவற்றைச் செய்யும் ஆணை இறக்கிவிடவோ காவல்துறையிடம் ஒப்படைக்கவோ இவ்விதிகள் வழிசெய்கின்றன. ஏறுவதற்கு உதவுவது போலப் பெண்களைத் தொடும் நடத்துனருக்கும் இவை பொருந்தும்.

சில்லறை, சுமை, பாட்டு

நடத்துனரிடம் சில்லறை இல்லை என்றால் மீதித் தொகையைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்கும்போது கேட்டு வாங்குவது பயணியின் பொறுப்பு. கூட்டத்தில் மறந்து இறங்கியவருக்கு அது திரும்பக் கிடைப்பது அரிது.

நின்று வரும் பள்ளிப் பிள்ளைகளின் பைகளை உட்கார்ந்திருப்போர் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இப்பகுதியில் இன்னும் மறையாத நல்வழக்கம். பூ, காய்கறி, வாழைத்தார் மூட்டைகளுக்குச் சுமைக் கட்டணம் உண்டு; மூட்டையை இருக்கையில் வைப்பதைவிட இயந்திரத்தின் அருகில் வைப்பதே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஒரு விசில் நிறுத்தவும் இரண்டு விசில் புறப்படவும் அடையாளம் ஆதலால் பயணி விளையாட்டாகக்கூட விசிலடிக்கக்கூடாது. 'கரம், சிரம், புறம் நீட்டாதீர்', 'படியில் பயணம் நொடியில் மரணம்' ஆகிய அறிவிப்புகளில் முதலாவது ஓரளவுக்குப் பின்பற்றப்படுகிறது. இரண்டாவதைப் படியில் நிற்கும் மாணவர்களே மனப்பாடமாகக் கூறுவர். காலை வேளையில் போதிய பேருந்து இல்லாததும் இதற்குக் காரணம் என்பதை மறுக்க இயலாது.

தனியார் பேருந்துகளில் பாட்டு உரக்க ஒலிக்கும். இளையராசா பிறந்த பண்ணைப்புரம் இம்மாவட்டத்திலேயே உள்ளதால், அவர் பாட்டைக் குறைக்கச் சொல்லும் பயணிக்கு ஆதரவு கிடைப்பது கடினம்.

மலைப்பாதை

லோயர்கேம்ப்–குமுளி, போடி–போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளில் இருக்கை பற்றிய முறையே மாறிவிடுகிறது. துண்டு போட்டுப் பிடித்த சன்னலோர இருக்கையையும், வாந்தி வரும் என்று கூறுபவருக்கு விட்டுத்தர வேண்டும். பின்னிருக்கைச் சன்னல்களை மூடிக்கொள்ளுமாறு முன்னால் இருப்பவர் எச்சரிப்பது கடமையாகக் கருதப்படுகிறது.

இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் புறப்படும் பெண் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஜீப்பில் செல்கின்றனர். ஜீப்பில் துண்டும் இல்லை, மகளிர் இருக்கையும் இல்லை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுவது குறித்து அவ்வப்போது சோதனை நடக்கிறது. வண்டியைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால், ஏறியவர் யாரும் இனி இடமில்லை என்று கூறுவதில்லை, நெருங்கி உட்காருகின்றனர்.

தொடர்வண்டியில்

மதுரை–போடி முன்பதிவில்லா வண்டியிலும் துண்டு போடப்படுகிறது. மூவர் அமரும் பலகையில் நான்காவது ஆளாக ஒருவர் வந்து நின்றால் தள்ளி உட்கார்ந்து இடம் தருவது வழக்கம். இங்கு சட்டமும் வழக்கத்தின் பக்கமே நிற்கிறது. 1989 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இருப்புப்பாதைச் சட்டத்தின் 155 ஆவது பிரிவு, தமக்கு ஒதுக்கப்படாத பெட்டியில் பிறர் முறைப்படி ஏறுவதைத் தடுக்கும் பயணிக்குத் தண்டம் விதிக்கிறது. அதே பிரிவு, முன்பதிவு செய்யாமல் முன்பதிவுப் பெட்டியில் ஏறி இறங்க மறுப்பவருக்கும் தண்டம் விதிக்கிறது.

இரண்டாவது பகுதி பள்ளத்தாக்கு மக்களுக்குப் புதியது. 2023 சூன் 15 இல் சென்னை சென்ட்ரலுக்கும் போடிக்கும் இடையே வாரம் 3 நாள் இரவு விரைவுவண்டி தொடங்கிய பின்னரே படுக்கை எண், நடுப்படுக்கை போன்றவை இங்கு அன்றாடப் பேச்சில் வந்தன. நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே விரிக்கலாம். மற்ற நேரத்தில் கீழ்ப்படுக்கை மூவருக்கும் உரிய இருக்கை. 10 மணிக்குப் பிறகு உரக்கப் பேசவோ கைப்பேசியில் பாட்டு கேட்கவோ கூடாது. மதுரை தாண்டியதும் பகலில் பக்கத்து ஊர் செல்வோர் படுக்கைப் பெட்டியில் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொள்வதும், பேருந்துப் பழக்கத்தில் 'கொஞ்சம் தள்ளிக்கோங்க' என்பதும் உண்டு. பணம் கட்டிப் பதிவு செய்தவர் மறுத்தால் அவரைக் கர்வம் பிடித்தவர் என்பர். சட்டப்படி அவர் மறுக்கலாம்.

குமுளி எல்லையில்

பல பயணிகள் குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்தில் இருந்து இறங்கி, எல்லையை நடந்தே கடந்து கேரளப் பேருந்தில் ஏறுகின்றனர். கேரளத்தில் பெண்கள் பேருந்தின் முன்பகுதியில் அமர்வர். இதனை அறியாமல் முன் இருக்கையில் துண்டு போட்ட தேனிக்காரர் எழுப்பப்பட்டுப் பின்னால் அனுப்பப்படுவது, கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக் கூட்டம் மிகும்போது அடிக்கடி நிகழ்கிறது.