கடைக்கு 'ஆப்' அவசியமா? காசு கொடுக்கும் முன் இதை படிங்க!

கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா, மணப்பாறை என்றதும் முறுக்கு... ஊர் பெயரை சொன்னாலே நாக்கில் எச்சில் ஊறும். பால்கோவாவுக்கு 2019-லும், கடலை மிட்டாய்க்கு 2020-லும், முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் போனிலேயே ஆர்டர் கொடுத்து பார்சலில் வாங்குகிறார்கள்.

ஆர்டர் வருகிற கடைக்கு இன்னொருவரும் வருவார். "அண்ணாச்சி, உங்க கடைக்கு ஒரு 'ஆப்' பண்ணிடலாம்" என்று லேப்டாப்பும் கையுமாக உட்காருவார். வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்... பல சின்ன கடைகளுக்கு 'ஆப்' தேவையே இல்லை!

யார் இறக்குவாங்க?

தினமும் ஆட்டோ பிடிக்கிறவர் அதற்கான 'ஆப்'பை போனில் வைத்திருப்பார். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை மிட்டாய் வாங்குகிறவர் அதற்காக தனி 'ஆப்' இறக்குவாரா? இறக்கினாலும், போனில் இடம் இல்லை என்றதும் முதலில் தூக்குவது அதைத்தான்.

செலவும் ஒரு தடவையோடு முடியாது. கூகுள் பிளே ஸ்டோரில் கணக்கு தொடங்க ஒரே முறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 டாலர். புதுப்புது ஆண்ட்ராய்டு வேறு வந்துகொண்டே இருக்கிறது. 'ஆப்'பை புதுப்பிக்காமல் சில ஆண்டுகள் விட்டால், புது போன் வாங்கியவர்களுக்கு பிளே ஸ்டோரில் அது கண்ணிலேயே படாது. புதுப்பிக்கிற வேலைக்கு தனி காசு!

பெயர் யார் கையில்?

இதைவிட முக்கியமானது 'டொமைன்' எனப்படும் இணையதள முகவரி. பல கடைகளின் முகவரி, வெப்சைட் செய்த பையனின் மெயில் ஐ.டி.யில்தான் பதிவாகி இருக்கும். அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டால்? புதுப்பிக்க சொல்லி வருகிற மெயில் அவருக்குத்தான் போகும். கடைக்காரருக்கு தெரியவே தெரியாது.

'.காம்' முகவரியை புதுப்பிக்காமல் விட்டால் முதலில் கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும். அதையும் தவறவிட்டால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள். அதன்பின் 5 நாளில் முகவரி பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நீங்கள் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்த மிட்டாய் பெட்டியில் அதே முகவரி இருக்கும். அதை பார்த்து தேடுகிற வாடிக்கையாளர் சூதாட்ட விளம்பரத்தில் போய் நிற்பார்!

இலவசம் எத்தனை நாள்?

கூகுளில் கடை விவரம் பதிந்தவர்களுக்கு இலவச வெப்சைட் வசதி இருந்தது. 2024 மார்ச்சில் அதை கூகுள் மூடியது. அதை மட்டும் நம்பி இருந்தவர்களின் பக்கம் போயே போச்சு. கடை விவரம் பதியும் வசதி அப்படியே இருக்கிறது. அதை விட்டுடாதீங்க. ஆனால் இலவசமாக கிடைப்பது எதுவும் நம் சொத்து இல்லை என்பதை மறக்கக்கூடாது.

சரி, என்னதான் செய்வது?

2018-ல் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' சின்ன கடைக்கு தாராளமாக போதும். பொருள் படம், விலை எல்லாம் அதிலேயே வைக்கலாம். பணத்துக்கு கியூ.ஆர். அட்டை இருக்கிறது. யு.பி.ஐ. வழியாக வாங்கும் பணத்துக்கு வியாபாரியிடம் பிடித்த கட்டணம் 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. வெப்சைட்டில் 'பேமென்ட் கேட்வே' வைத்தால், அந்த நிறுவனம் தனியாக கட்டணம் பிடிக்கும். விலை போடும்போது அதையும் கணக்கில் சேருங்க.

ஆர்டர் பெருகி, வாட்ஸ்அப்பில் சமாளிக்க முடியவில்லை என்றால் வெப்சைட் போடலாம். அப்போது மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்க:

* டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் செல்போன் எண்ணில் இருக்க வேண்டும்.

* எல்லா பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

* இரண்டாவது ஆண்டு முதல் எவ்வளவு செலவு என்பது இப்போதே தெரிய வேண்டும்.

இதை கேட்டால் நல்ல டெவலப்பர் கோபப்பட மாட்டார். மழுப்பினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்க. டீ காசோடு போகும்!