சிறார் கண்ணில் பெரியோர் உலகம்
அண்மையில் படித்த சில நூல்கள் பற்றி

நூலொன்றைப் படித்து முடித்தவரிடம் “எப்படி இருந்தது?” என வினவினால், “நன்று” என்றோ “தேறாது” என்றோ ஒரு சொல்லில் விடை பகர்ந்து அகல்வது நம்மிற் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அது தீர்ப்பாகும், கருத்தாகாது. நூலின் எப்பகுதி நம் உள்ளத்தைத் தொட்டது, எப்பகுதி தொடாமற் போயிற்று, அவற்றிற்குரிய காரணம் யாது என எடுத்துரைப்பதே கருத்து எனப்படும். அண்மையில் நாம் படித்த கதைத் தொகுதி ஒன்று, நாவல் ஒன்று, சிறுவர் நூல்கள் இரண்டு ஆகியன பற்றி அம்முறையில் சில கூற விழைகின்றோம். முதலிரண்டும் நமது திருச்சி மாவட்டத்து மண்ணில் முகிழ்த்தவை. பெரியோர் உலகைச் சிறார் கண்கொண்டு காணுதல் இந்நூல்களை இணைக்கும் இழையாகும்.

நாவல் நமக்குப் புதிதா?

நாவல் படிப்பது பொழுதைப் பாழாக்குவது என்றும், அதிலும் பெண்மக்களுக்கு அறவே ஆகாதது என்றும் கருதும் பெரியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் சில வரலாற்றுச் செய்திகளை எண்ணிப் பார்த்தல் நலம். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டி மாநகர் தந்த அறிஞர் சித்தி லெப்பை ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்திலேயே முஸ்லிம் ஒருவர் அதன் கைபிடித்து நடந்திருக்கின்றார்.

பெண்பாலர் நிலை யாது? நாகூரில் மூன்றாம் வகுப்பளவே பயின்ற சித்தி ஜுனைதா பேகம், ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை 1938இல் வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அந்நூலைப் பாராட்டி மதிப்புரை நல்கினார். ஆகவே, நாவல் நம்மவர்க்கு அயலான சரக்கு எனக் கூறுதல் பொருந்தாது.

திருவரங்கத்துச் சிறுவன்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவைத் தமிழ் வாசகர் பலருக்கும் அறிமுகம் செய்தவர் எழுத்தாளர் சுஜாதா. 1935இல் பிறந்து 2008இல் மறைந்த இவர், திருவரங்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். அவருடைய ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ நாவலன்று, கதைத் தொகுதியே. எனினும் ஊரும் ஒன்று, காணும் கண்ணும் ஒன்று ஆதலின், தொடர்ந்து படிப்போர்க்கு நாவல் படித்த நிறைவைத் தருகின்றது.

கோயிலின் பெருமை பேசும் தலபுராணத்தை இதில் தேடுவோர் ஏமாறுவர். மதிலைச் சூழ்ந்த வீதிகளில் வாழ்ந்த எளிய மாந்தரே இதன் நாயகர். கிரிக்கெட் ஆடி, நாளிதழில் தம் பெயர் அச்சேறாதா என ஏங்கும் இளைஞர் வருகின்றனர். ஊரார் சிரித்துக் கடந்துபோகும் குண்டு ரமணியும் வருகின்றாள். நம் உள்ளத்தை மிகவும் தொட்டது ஆசிரியரின் அடக்கமே. சிறுவனுக்குப் புரியாததை விளக்க அவர் முற்படுவதில்லை. அவன் கண்டதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகின்றார்; அவன் காணத் தவறிய துயரைப் படிப்பவரே உணர்ந்துகொள்ள நேர்கின்றது.

குறையாக ஒன்றைச் சுட்டலாம். ஆடுகளத்திற்கும் கடைத்தெருவிற்கும் ஆற்றங்கரைக்கும் தடையின்றிச் செல்பவன் அச்சிறுவன். ஆகவே அடுக்களைக்குள் இருக்கும் பெண்ணின் நெஞ்சம் பெரும்பாலும் தொலைவிலிருந்தே காட்டப்படுகின்றது. அக்குறையை நிரப்புவது போன்று அமைந்தது அடுத்துக் கூறப்புகும் நாவல்.

துவரங்குறிச்சிச் சிறுமி

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது துவரங்குறிச்சி. அவ்வூரில் 1968இல் பிறந்த கவிஞர் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளார். ஆசிரியரின் பள்ளிப் படிப்பு பதின்மூன்று வயதளவில் நிறுத்தப்பட்டது. அதன்பின் வீட்டிற்குள் இருந்தவாறே நூல்களைப் படித்தும், மறைவில் கவிதை எழுதியும் தம்மை வளர்த்துக்கொண்டார். பின்னாளில் பேரூராட்சித் தலைவராகப் பணியாற்றிய அவர், 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்நாவலில் ராபியா என்னும் சிறுமியின் கண்வழியே பல செய்திகள் நமக்குப் புலப்படுகின்றன. பெரிய பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவதை அவள் கேட்கின்றாள். முழுதும் விளங்காவிடினும் எதனையும் மறப்பதில்லை. வஹிதாவின் திருமணமும் பிர்தவ்ஸின் முடிவும் நம்மை உறங்கவிடாத பகுதிகள். திருவரங்கத்துச் சிறுவனுக்கு வீதிகள் திறந்து கிடக்க, இச்சிறுமிக்கோ வயது ஏற ஏற வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன. ஒரே மாவட்டத்து மண்ணில் வளர்ந்த இரு குழந்தைகளின் வேறுபாடு இஃது!

நாவலில் மாந்தர் தொகை மிகுதி. யார் யாருக்கு என்ன உறவு என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு படித்தாலன்றித் தொடக்கத்தில் மயக்கம் நேரும். இதனைக் குறையாகவே கருதுகின்றோம்.

இந்நூல் நம் சமுதாயத்தை இழித்துரைக்கின்றது என மனம் நொந்தோர் உண்டு. அவர்தம் வருத்தத்தை நாம் எள்ளி ஒதுக்கவில்லை; வீட்டுச் செய்தி வீதிக்கு வருவதை எவர்தாம் விரும்புவர்? ஆயினும் நூலில் சாடப்படுவது மார்க்கமா, வழக்கமா என நிதானித்துப் பார்த்தல் வேண்டும். நம் திருமறையின் முதல் அருளிப்பாடே ஓதுமாறு பணிக்கும் கட்டளையுடன் தொடங்கியது என்பதை அறியாதார் இல்லை. மணமகளின் இசைவைக் கேட்டறியுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அவ்வாறிருக்க, பூப்பெய்திய மகளின் புத்தகப் பையை வாங்கிப் பரணில் வைப்பதும், அவள் மனம் அறியாது மணம் முடிப்பதும் எங்ஙனம் மார்க்கமாகும்? மார்க்கத்தின் போர்வைக்குள் ஒளிந்த வழக்கத்தை ஒரு நாவல் வெளிக்கொணருமாயின், அதனால் மார்க்கத்திற்கு இழுக்கில்லை என்பதே நமது கருத்து.

சிறுவர் நூல்களுள் இரண்டு

யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சாகித்திய அகாதெமியின் 2020ஆம் ஆண்டுக்குரிய பால சாகித்திய விருதைப் பெற்றது. சிறுமியிடம் ஒரு மரப்பாச்சி பேசுகின்றது. கொலு மேடையில் அமைதியாய் நிற்கும் பொம்மைக்கு ஆசிரியர் அளித்த பணி பெரிது. தகாத தொடுகைக்கு ஆளாகும் குழந்தை, அச்சத்தை விட்டு வாய்திறந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதை அது கற்பிக்கின்றது. இவ்வகைக் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. 1098 என்னும் உதவித் தொலைபேசி எண்ணும் உள்ளது. ஆயினும் குழந்தை வாய்திறந்தாலன்றிச் சட்டம் துணைக்கு வருவது அரிது. வாய்திறக்கும் துணிவை ஒரு கதை தரக்கூடும். ஆங்காங்கே மரப்பாச்சி ஆசிரியரைப் போலப் பாடம் நடத்துவதாக நமக்குத் தோன்றிற்று. எனினும் சொல்ல வந்த பொருளின் அருமை நோக்கி அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அதே விருதினைப் பெற்றது. கீழடியை நிலைக்களனாகக் கொண்டு, இக்காலச் சிறுவனைப் பண்டைத் தமிழகத்திற்கு அழைத்துச் செல்லும் நூல் இஃது. ஓட்டுச் சில்லுகளையும் உறைகிணறுகளையும் பாடநூலில் மனனம் செய்து மறந்துவிடும் மாணவனுக்கு, அவற்றைப் பயன்படுத்திய மனிதர்களை நினைவூட்டுகின்றது. வரலாறு என்பது மன்னர் பெயர்ப் பட்டியல் மட்டுமன்று எனச் சிறுவர்க்கு உணர்த்த இதனினும் எளிய வழி வேறில்லை.

கருத்துரைக்கும் முறை

மாணவச் செல்வங்களே! நூலொன்றைப் படித்தபின் மூன்று வினாக்களை உங்களுக்குள் எழுப்புங்கள். இக்கதையை யார் கண்வழியே காண்கின்றோம்? அக்கண்ணுக்கு எட்டாதது எது? நாம் அறிந்த வாழ்வோடு இது எங்கே ஒத்தும் எங்கே மாறியும் நிற்கின்றது? இவற்றிற்கு விடையைப் பத்து வரியில் எழுதிப் பாருங்கள். நூலாசிரியர் சொன்னதற்கு மாறான கருத்தாயினும் தயங்க வேண்டா. ஆனால் நூலைப் படியாமல், பிறர் சொல்லக் கேட்டுக் கருத்துரைப்பதை மட்டும் அறவே தவிருங்கள்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். இல்லத்துக் குழந்தை கையில் வைத்திருக்கும் கதைநூலை வாங்கி நீங்களும் ஒருமுறை படியுங்கள். படித்தபின் அக்குழந்தையிடம் அதன் கருத்தைக் கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். நூலைப் பற்றிப் பேசப் பழகிய குழந்தை, நாளை தன் துன்பத்தைப் பற்றியும் உங்களிடம் பேசும். மகளின் கையிலுள்ள நூலைப் பறிக்காத வீடு அவள் சொல்லுக்கும் மதிப்பளிக்கும் வீடாகும். அத்தகைய வீடுகள் நம்மிடையே பல்கிப் பெருக வல்ல இறைவன் அருள்புரிவானாக!