பீடி தொடாதவருக்கும் எலும்பில் ஆபத்து! கன்னத்தில் அடக்கும் புகையிலையால் வரும் வினை

திருமங்கலம்:

"பீடி, சிகரெட் தொடுறதே இல்லீங்க. வெத்தலையோட கொஞ்சம் போயிலை... அவ்வளவுதான்!"

திருமங்கலம் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் இப்படிச் சொல்பவர்கள் ஏராளம். புகை இல்லையே என்று அவர்களுக்கு ஒரு தைரியம். வாய்ப்புற்று நோய் வரும் என்பது ஓரளவு தெரியும். ஆனால் எலும்புக்கும் கேடு என்பது பலருக்குத் தெரியாது!

கொத்தனார் "செல்"

நம் எலும்பு, போட்ட இடத்தில் கிடக்கும் கல் அல்ல. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல். புதிதாகக் கட்ட இன்னொரு வகை. கட்டும் செல்லுக்கு "ஆஸ்டியோபிளாஸ்ட்" என்று பெயர்.

இந்தக் கொத்தனார் முதலில் "கொலாஜன்" என்ற புரதத்தைக் கம்பி போலப் பின்னுகிறது. அதன் மேல் சுண்ணாம்புச் சத்து சிமெண்ட் போலப் படிகிறது. கம்பி கட்டாத காங்கிரீட் நிற்குமா?

கோழிக் கருவில் சோதனை

1988-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், கோழிக் கருவின் கால் எலும்பைப் புகையில்லாப் புகையிலைச் சாற்றில் வைத்துச் சோதித்தார்கள். கொலாஜன் உற்பத்தி குறைந்தது! நிகோடின் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. புகையிலையில் உள்ள வேறு பொருளும் வேலையைக் கெடுக்கிறது என்று கண்டார்கள்.

கோழிக் கருவில் நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புகையிலை அடக்கும் இடத்தில் ஈறு இறங்கி, பல்லின் வேர் தெரிவது பல் டாக்டர்கள் அறிந்த சங்கதி.

புகைப்பவருக்கு ஒடிந்த எலும்பு சேரத் தாமதம் ஆகும் என்பதும் தெரிந்ததே. மெல்லுபவரின் ரத்தத்திலும் அதே நிகோடின்தான் ஏறுகிறது!

மறைக்காதீர்கள்

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தானாகவே தேயும். வழுக்கி விழுந்தாலே இடுப்பு எலும்பு முறியலாம். அந்த வயதில்தான் பாட்டிமார் பலரின் இடுப்பில் சுருக்குப் பை!

கட்டுப் போடும் டாக்டர் "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்பார். "இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். "போயிலை போடுவேன்" என்பதையும் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இதைச் சொல்வது நல்லது.

குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. ஆனால் எந்தக் கோர்ட்டு வந்து சுருக்குப் பையைச் சோதிக்கும்?

பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். கொத்தனாரை வேலை செய்ய விடுங்கள்!