நடன உடற்பயிற்சி சொல்லித்தர ஆசை... “சர்ச்சுல என்ன சொல்வாங்க?”

சமூக மன்றத்தில் வாரம் தவறாமல் ஸும்பா ஆடும் பெண்களில் சிலருக்கு, ஒரு கட்டத்தில் மேடையேறி சொல்லித்தரும் ஆசை வரும். கிறிஸ்துவப் பெண்களுக்கு அதோடு சில கேள்விகளும் வரும். பாட்டு வரிகள் சரியா? உடை? ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வந்தால்? வீட்டிலும் கேட்பார்கள்: “டான்ஸ் டீச்சரா? சர்ச்சுல என்ன சொல்வாங்க?”

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைபிள் நடனத்தைத் தடுக்கிறதா?

நடனமே கூடாது என்று பைபிள் சொல்லவில்லை. யாத்திராகமம் 15இல் மிரியாமும் மற்றப் பெண்களும் தம்புரு வாசித்து ஆடுகிறார்கள். 2 சாமுவேல் 6இல் தாவீது அரசர் கடவுள் முன்னிலையில் ஆடுகிறார். அவர் மனைவி மீகாளுக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்கள் முன் அவர் உடல் தெரிந்ததுதான் அவருடைய குறை. ஆக, உடை பற்றிய பேச்சு அன்றைக்கே இருந்திருக்கிறது!

உடல் தூய ஆவியின் ஆலயம் என்ற கருத்து 1 கொரிந்தியர் 6இல் வருகிறது. “அதனாலதான் உடம்பைப் பார்த்துக்கணும்” என்று ஒருவர் சொல்வார். “அதனாலதான் அடக்கமா இருக்கணும்” என்று இன்னொருவர் சொல்வார். அந்த அதிகாரம் நேரடியாகப் பேசுவது ஒழுக்கத்தைப் பற்றி. அதனால் இரண்டாவது கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது “ஆடலாமா” என்ற கேள்வி இல்லை. “எப்படி ஆடுவது” என்ற கேள்வி.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார்?

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பயிற்சி முறையைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஸும்பா: கொலம்பியாவின் பெட்டோ பெரெஸ் உருவாக்கியது. 2001இல் அமெரிக்காவில் நிறுவனமானது. மெரெங்கே, சால்சா, கும்பியா, ரெகேட்டோன் ஆகிய 4 தாளங்கள் இதன் அடிப்படை. உரிமம் பெற்ற பயிற்றுவிப்பாளர் பாட்டையும் அசைவுகளையும் தாமே தேர்ந்தெடுக்கலாம். வரிகள் பிடிக்கவில்லையா? வேறு பாட்டு போடலாம். இடுப்பசைவு அதிகமா? மாற்றிக்கொள்ளலாம்.

லெஸ் மில்ஸ்: நியூசிலாந்து நிறுவனம். பாட்டும் அசைவுகளும் முன்கூட்டியே அமைக்கப்பட்டு வரும். பயிற்றுவிப்பாளர் அதைப் படித்து அப்படியே சொல்லித்தர வேண்டும். இஷ்டத்துக்கு மாற்றும் இடம் குறைவு.

ரீஃபிட்: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கியது. நல்ல கருத்துள்ள பாடல்கள், எல்லாரையும் அரவணைக்கும் வகுப்பு என்பதே அதன் அடையாளம். நம்பிக்கையையும் வேலையையும் இணைக்க நினைக்கும் பெண்கள் பலரை அது ஈர்த்திருக்கிறது.

ஆடத் தெரிந்தால் போதுமா?

போதாது. ஆடுவது வேறு, ஆட வைப்பது வேறு. அடுத்த அசைவு வருவதற்குச் சில தாளங்கள் முன்பே கையால் சைகை காட்ட வேண்டும். உங்கள் கால் ஒரு வேலை செய்ய, கண் மற்றவர்களைப் பார்க்க வேண்டும். முட்டி வலிக்கும் ஆன்ட்டிக்குக் குதிக்காத மாற்று அசைவு தயாராக இருக்க வேண்டும்.

ஸும்பாவின் அடிப்படைப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். அது வாசல்தான். மயங்கி விழுந்தவருக்கு என்ன செய்வது என்பதை அதில் முழுமையாகக் கற்க முடியாது. சிபிஆர், ஏஇடி சான்றிதழ் தனியாக எடுங்கள். சிங்கப்பூரில் அது 2 ஆண்டுகளுக்குச் செல்லும்.

பணம் எப்படி?

பெரும்பாலும் இது பகுதிநேர, சுயதொழில் வேலை. வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். ஆள் குறைந்தால் வகுப்பு ரத்தாகலாம். உடம்பு முடியாத நாளில் வருமானம் இல்லை. கூடவே செலவும் உண்டு: உரிமத்தைத் தொடர்வதற்கான கட்டணம், காலணி, காப்புறுதி.

சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் மெடிசேவ் சந்தா கட்ட வேண்டும். இன்னொன்று: பொது இடத்தில் பாட்டு போட இசை உரிமம் தேவை. அதை இடத்தின் உரிமையாளர் எடுத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசியில் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு வகுப்புக்கான அனுமதி ஆகாது.

ஞாயிறு வகுப்பு வந்தால்?

வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி வார இறுதிக் காலைகள்தான். சர்ச் நேரமும் அதுதான். “ஞாயிறு காலை முடியாது” என்பதை ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். வாரநாள் மாலை வகுப்புகளும் நிறைய இருக்கின்றன. கடைசி நேரத்தில் மறுப்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

வகுப்பில் சமயம் பேசலாமா?

தேவாலய மண்டபத்தில் நடக்கும் வகுப்பைச் சிறு ஜெபத்தோடு தொடங்கலாம். சமூக மன்ற வகுப்பு அப்படியில்லை. அங்கே தூடோங் அணிந்தவரும் வருவார், கோயிலுக்குப் போய்விட்டு வருபவரும் வருவார். அவர்கள் வருவது உடற்பயிற்சிக்கு. யாரையும் கேலி செய்யாமல், புதிதாக வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்று, உடல் அளவைப் பற்றிப் பேசாமல் நடத்தும் வகுப்பே உங்கள் நம்பிக்கையைக் காட்டிவிடும்.

முதலில் என்ன செய்யலாம்?

உங்கள் பயிற்றுவிப்பாளரிடம், “ஒரே ஒரு பாட்டுக்கு நான் முன்னால நிக்கலாமா?” என்று கேளுங்கள். சரி என்றால், எந்தத் தயக்கமும் இல்லாமல் அம்மா முன்னாலும் பாஸ்டர் முன்னாலும் ஆடக்கூடிய ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்படி 12 பாட்டு சேர்ந்தால், கிட்டத்தட்ட ஒரு மணி நேர வகுப்பு தயார்.